அறிக்கைக்குப் போகும் மானியம் அளவெடுக்கப் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நகரங்களின் குடிநீர், பாதாளச் சாக்கடை, குப்பைத் திட்டங்களுக்கு உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஒன்றிய அரசு என்று எங்கிருந்து பணம் வந்தாலும், அதன் ஓரத்தில் ஒரு சிறு தொகை தொழில்நுட்ப உதவி மானியமாக ஒட்டிக்கொண்டு வரும். குழாய்க்கான டெண்டரைப் பற்றி மன்றக் கூட்டத்தில் சண்டையே நடக்கும். இந்தச் சிறு தொகையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் திட்டம் ஓடப்போகிறதா, படுக்கப்போகிறதா என்பது பெரும்பாலும் இந்தத் தொகை எதற்குச் செலவானது என்பதில்தான் இருக்கிறது. இதைக் கூட்டித் தரச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. எந்த வேலைக்கு, எந்தக் கட்டத்தில் கொடுப்பது என்பதை மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இப்போது இந்த மானியத்தின் பெரும்பகுதி டி.பி.ஆர். எனப்படும் விரிவான திட்ட அறிக்கைக்குப் போகிறது. தொடக்க அறிக்கைக்கு ஒரு பங்கு, வரைவுக்கு ஒரு பங்கு, ஒப்புதல் வந்ததும் மிச்சம். மூன்றுமே காகிதத்துக்குக் கிடைக்கும் பணம். சில ஒப்பந்தங்களில் கட்டணம் திட்ட மதிப்பீட்டின் சதவீதமாகவே இருக்கும். மதிப்பீடு பெருத்தால் கட்டணமும் பெருக்கும். அப்படியிருக்க, 'இந்த ஊருக்கு இவ்வளவு பெரிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வேண்டாம்' என்று எந்தக் கன்சல்டன்ட் எழுதுவார்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மக்கள்தொகை 50,000 உள்ள நகராட்சி. பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு நபருக்கு 135 லிட்டர் என்பது விதிமுறை. அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும். அதாவது நாளொன்றுக்கு 54 லட்சம் லிட்டர். 30 ஆண்டு வளர்ச்சியையும் சேர்த்தால் இன்னும் ஏறும். அறிக்கையில் இருப்பது இது. தெருவில் இருப்பது வேறு. நபருக்கு 80 லிட்டர்தான் போய்ச் சேருகிறது, வீடுகளில் 40 சதவீதம்தான் இணைப்பு எடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்து சேரும் கழிவுநீர் 12.8 லட்சம் லிட்டர், அதாவது கட்டியதில் கால்வாசிக்கும் கீழே. தொட்டிக்குக் காற்றூதும் பெரிய பிளோயர் ஓடும், மின்கட்டணம் ஓடும், தொட்டியில் உள்ள நுண்ணுயிர்களுக்கோ தீனி போதாது. குழாயிலும் ஓட்டம் இல்லாமல் கசடு படியும். நிலையத்தை இரண்டு, மூன்று இணை அலகுகளாகப் பிரித்து, முதலில் ஒன்றை மட்டும் கட்டியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. அப்படி முடிவெடுக்க, இன்று உண்மையில் எவ்வளவு தண்ணீர் போகிறது, எத்தனை வீடு இணையும் என்ற இரண்டு எண்கள் வேண்டும். அந்த இரண்டையும் அளக்கத்தான் மானியத்தில் பணம் ஒதுக்குவதில்லை.

அடுத்தது லெவல், அதாவது தரையின் உயர வித்தியாசத்தை அளப்பது. பாதாளச் சாக்கடைக்கு இதுதான் உயிர்நாடி. 200 மில்லிமீட்டர் குழாயில் கசடு படியாமல் விநாடிக்கு 0.6 மீட்டர் வேகம் வர வேண்டுமானால், ஏறக்குறைய 300 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு வேண்டும். 30 மீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு ஆள் இறங்கு குழிகளுக்கு நடுவே அது 10 சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. செயற்கைக்கோள் வரைபடத்திலிருந்து அலுவலகத்தில் உட்கார்ந்தபடி எடுக்கும் உயரமோ மீட்டர் கணக்கில் தவறக்கூடியது. அதை நம்பிக் குழாய்ப் பாதை வரைந்தால், தோண்டும்போதுதான் நடுத்தெருவில் குழாய் மேலேற வேண்டியிருப்பது தெரியவரும். ஒப்பந்ததாரர் சரிவைத் தட்டையாக்கிச் சமாளிப்பார். இல்லாவிட்டால் திட்டத்தில் இல்லாத ஒரு நீருந்து நிலையத்துக்கு (பம்பிங் ஸ்டேஷன்) நிலம் தேடி அலைவார்கள். தட்டையாகப் போட்ட குழாய் ஒன்றிரண்டு ஆண்டில் மணலடைத்துக்கொள்ளும். அதன்பிறகு அடைப்பெடுக்க யாரை அனுப்புவது? பாதுகாப்பில்லாமல் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. இருந்தும் சாவுச் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தச் சாவுகளில் வடிவமைப்பு மேசையில் நடந்த தவறுக்கும் பங்கு உண்டு.

சரியான லெவல் எடுப்பது ஒன்றும் பெரிய வித்தையல்ல. ஆட்டோ லெவல் என்ற மட்டக் கருவியை வைத்து, உயரம் தெரிந்த ஒரு நிலைப்புள்ளியில் (பெஞ்ச் மார்க்) தொடங்கி, தெருத்தெருவாகப் போய், அதே பெஞ்ச் மார்க்கில் வந்து முடிக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் சுற்றுக்கு வித்தியாசம் 12 மில்லிமீட்டரைத் தாண்டினால் திரும்ப எடுக்க வேண்டும். அந்த லெவல் புத்தகத்தை நகராட்சிப் பொறியாளர் வாங்கி, பத்து இடத்தைத் தானே தேர்ந்தெடுத்துச் சரிபார்த்த பிறகே பணம் விடுவிக்க வேண்டும். இப்போது அறிக்கையோடு வருவது கணினியில் அச்சடித்த அட்டவணை மட்டும். களத்தில் எழுதிய புத்தகத்தை யாரும் கேட்பதில்லை.

தெருவுக்கு மட்டும் லெவல் எடுத்தால் போதாது. நம் ஊர்களில் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, வீடுகள் பள்ளத்துக்குள் போய்விட்டன. வாசற்படி சாலையைவிட இரண்டடி கீழே. செப்டிக் டேங்க் கொல்லைப்புறத்தில். குழாயோ வீட்டின் முன்னால் போகிறது. கொல்லையிலிருந்து வாசல் வரை 15 மீட்டருக்குக் கூடத்து டைல்ஸை உடைத்துச் சரிவோடு குழாய் கொண்டுவந்தால், தெருக் குழாயைவிடத் தாழ்வாக வந்து நிற்கும். அந்த வீட்டுக்காரர் இணைப்பு எடுக்காததற்கு 'விழிப்புணர்வு இல்லை' என்று அறிக்கை எழுதுவார்கள். விழிப்புணர்வு இருந்து என்ன செய்ய? தண்ணீர் மேட்டுக்கு ஏறாது. எனவே வீட்டுக் கணக்கெடுப்புப் படிவத்தில் செப்டிக் டேங்க் முன்னாலா பின்னாலா, கழிப்பறைக் குழாய் வெளியேறும் மட்டம் சாலையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே என்ற இரண்டு கேள்விகள் கட்டாயம் இருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் தெருக் குழாயின் ஆழத்தை முடிவுசெய்ய வேண்டும்.

மக்கள் பணம் கட்டுவார்களா என்பதையும் முன்னமே தெரிந்துகொள்ள முடியும். சென்னையை ஒட்டிய ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்த காலத்தில், 2000-ஆம் ஆண்டையொட்டி வந்த பாதாளச் சாக்கடைத் திட்டத்தில் வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை முன்கூட்டியே வாங்கினார்கள். குழாய் இறங்கும் முன்பே எத்தனை இணைப்பு வரும் என்பது பணமாகக் கையில் இருந்தது. எந்த மாதிரிக் கணக்கெடுப்பும் அதற்கு ஈடாகாது.

மண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 200 மீட்டருக்கு ஒரு சோதனைக் குழியாவது, குழாய் போகும் ஆழம் வரை தோண்டிப் பார்க்க வேண்டும். 'சாதாரண மண்' என்று எஸ்டிமேட் போட்ட இடத்தில் பாறை வந்தால் விலை எகிறும், வேலை நிற்கும். டெல்டாவிலும் கடற்கரையிலும் இரண்டு மீட்டரில் ஊற்று வந்துவிடும். தண்ணீர் இறைக்கும் செலவும் பக்கவாட்டில் முட்டுக்கொடுக்கும் செலவும் எஸ்டிமேட்டில் இல்லாவிட்டால் ஒப்பந்ததாரர் ஆழத்தைக் குறைக்கத்தான் பார்ப்பார்.

குடிநீருக்கு வருவோம். 2021 அக்டோபரில் தொடங்கிய, ஒன்றிய அரசின் நகர்ப்புறக் குடிநீர்த் திட்டமான அம்ருத் 2.0-இல், கணக்கில் வராமல் போகும் நீரை 20 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது ஓர் இலக்கு. இப்போது எவ்வளவு போகிறது என்று கேட்டால் பல ஊர்களில் கிடைப்பது ஊகம்தான். இரவு இரண்டு மணிக்கு ஓட்டத்தை அளந்து கசிவைக் கண்டுபிடிக்கும் முறை 24 மணி நேரமும் தண்ணீர் வரும் ஊருக்குப் பொருந்தும். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் தண்ணீர் விடும் ஊரில் மேல்நிலைத் தொட்டியை வைத்தே அளக்கலாம்.

12 மீட்டர் விட்டமுள்ள 5 லட்சம் லிட்டர் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்கினால் சுமார் 1,130 லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். முதல் நாள் இரவு எல்லா வால்வையும் மூடிவிட்டு, காலையில் மட்டத்தைப் பார்க்க வேண்டும். இறங்கியிருந்தால் தொட்டியிலோ வால்விலோ கசிவு. அதைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது. பிறகு உள்வரும் குழாயை மூடி, ஒரே ஒரு பகுதியின் வால்வை மட்டும் திறந்து, தண்ணீர் விடும் நேரம் முழுக்கத் தொட்டி எவ்வளவு இறங்குகிறது என்று குறிக்க வேண்டும். அந்தப் பகுதியில் 600 இணைப்பு இருந்தால், தொடக்கம், நடு, கடைசி என மூன்று இடத்திலும் பரவலாக 60 வீட்டில் தற்காலிக மீட்டர் பொருத்த வேண்டும். தொட்டியிலிருந்து இறங்கியது 5 லட்சம் லிட்டர், வீட்டுக்குச் சராசரி 500 லிட்டர் என்றால், 3 லட்சம் போய்ச் சேர்ந்திருக்கிறது. தெருவில் உள்ள பொதுக் குடிநீர்க் குழாய்களுக்குப் போனதைக் கழித்துவிட்டு, மிச்சம் கசிவா திருட்டு இணைப்பா என்று தேடலாம். ஒரு பகுதிக்கு மூன்று சுற்று செய்தால் நம்பத்தக்க எண் கிடைத்துவிடும். இதற்கு ஃபிட்டர் இரண்டு பேர், டேங்க் ஆபரேட்டர் ஒருவர், மீட்டர் 60. ஆலோசனைக் கூட்டத்துக்கு ஹோட்டலில் அரங்கம் பிடிக்கும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மின்காந்த ஃப்ளோ மீட்டர் வாங்கிப் பொருத்துவதும் நடக்கிறது. வளைவை ஒட்டியோ வால்வை ஒட்டியோ வைத்தால் அளவு தப்பும். மீட்டருக்கு முன்னால் குழாய் விட்டத்தைப்போல் ஐந்து மடங்கு, பின்னால் மூன்று மடங்கு நேர்க்குழாயாவது வேண்டும். குழாய் நிரம்பியும் ஓட வேண்டும். மேட்டில் காற்று சேரும் இடத்தில் வைத்த மீட்டர் காற்றையும் தண்ணீராக எண்ணும். மழைநீர் புகுந்த அறைக்குள் மூழ்கிக் கிடக்கும் மீட்டர் பழுதாகி எதையும் எண்ணாமலே போகலாம்.

பம்புக்கும் இப்படித்தான். 10 லட்சம் லிட்டரை 40 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, மொத்தத் திறன் 75 சதவீதம் என்றால் நாளுக்கு 145 யூனிட், 50 சதவீதம் என்றால் 218 யூனிட். ஒரு மணி நேரம் ஓட்டத்தையும் அழுத்தமானியையும் மின் மீட்டரையும் பார்த்தால் எந்த பம்பை மாற்ற வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இதையெல்லாம் கணக்கில் கொண்டு நாங்கள் கேட்பது இதுதான். மானியம் 100 ரூபாய் என்றால், 35 ரூபாய் கள அளவைக்கு. அதுவும் சதவீதமாக அல்லாமல், லெவல் எடுத்த கிலோமீட்டருக்கும் தோண்டிய குழிக்கும் கணக்கெடுத்த வீட்டுக்கும் இவ்வளவு என்ற விலையில். வடிவமைப்புக்கும் அறிக்கைக்கும் 25, டெண்டர் ஆவணத்துக்கு 10. மீதி 30 ரூபாயைத் திட்டம் ஓடத் தொடங்கிய பிறகு வரும் இரண்டு ஆண்டுகளுக்குத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். வீட்டிணைப்பு, மின்செலவு, வெளியேறும் நீரின் தரம், கட்டண வசூல் ஆகியவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து சரிசெய்ய அந்தப் பணம் பயன்படட்டும்.

எந்த நிறுவனமும் நான்கைந்து ஆண்டு காத்திருக்காது என்பார்கள். காத்திருக்க வேண்டாம். அந்த 30 ரூபாய் வேலையைத் தனி ஒப்பந்தமாகப் பிறகு விடலாம். வடிவமைத்தவரே அதைச் செய்யாமல் இருப்பது நல்லதும்கூட. சின்னப் பேரூராட்சிக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது என்பது நியாயமான கேள்வி. அங்கே எட்டு பத்து ஊருக்கு ஒரு பொதுக் குழு போதும். 2002-இல் தமிழ்நாட்டில் 13 சிறு உள்ளாட்சிகள் சேர்ந்து சுமார் 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டுக் கடன் திரட்டியிருக்கின்றன. கடனைக் கூட்டாக வாங்க முடிந்தவர்களுக்கு ஒரு லெவல் குழுவையும் பரிசோதனைக் கருவிகளையும் கூட்டாக வைத்துக்கொள்ள முடியாதா? செப்டிக் டேங்க் கசடை அள்ளிச் சுத்திகரிக்கும் மலக்கசடு மேலாண்மையில் திருச்சியிலும், கோவை மாவட்டத்தின் பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் பேரூராட்சிகளிலும் தொழில்நுட்ப உதவிக் குழு உள்ளூர் அலுவலர்களோடு சேர்ந்து வேலை செய்த முன்னுதாரணமும் இருக்கிறது.

குப்பைக் கிடங்குகளில் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலைக்கான அறிக்கைகளுக்கும் இதே நோய். டிரோன் மேல்பரப்பைச் சொல்லும்; அடித்தரை எங்கே என்று சொல்லாது. பழைய கல்குவாரியிலோ ஏரிக்கரையிலோ கொட்டிய இடமானால் துளைபோட்டுப் பார்க்காமல் கன அளவு தெரியாது. ஒரு கன மீட்டர் ஒரு டன் என்று போட்டுவிடாமல், ஒரு கன மீட்டர் பெட்டியில் நிரப்பிப் பல இடத்துக் குப்பையை எடைபோட வேண்டும், கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை. ஈரக் குப்பை சல்லடையின் கண்ணை அடைத்துவிடும் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் இயந்திரம் பாதி நாள் சும்மா நிற்கும். அதையும் கால அட்டவணையில் காட்ட வேண்டும். பிரித்தெடுத்த பிளாஸ்டிக், துணி எல்லாம் அரியலூர் சிமெண்ட் ஆலைக்குப் போகும் என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். கட்டு கட்டாமல் ஏற்றினால் லாரி எடையால் நிரம்பாது, இடத்தால் நிரம்பிவிடும். அந்த வாடகையை யார் தருவது என்பதை அறிக்கை பேசுவதில்லை.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. கலந்தாலோசகரை நியமிக்கும் அடுத்த டெண்டரில், பணம் வழங்கும் தவணை அட்டவணை இருக்கும் ஒரு பக்கத்தை மாற்றினால் போதும். அந்தப் பக்கத்தை எழுதும்போது அந்த ஊர் ஃபிட்டரையும் டேங்க் ஆபரேட்டரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். எந்த வால்வு மூடினாலும் மூடாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகராட்சிப் பொறியாளர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி.