பிரதமர் அம்மாவும் நம் ஆச்சியும்

அன்பு மகள் செல்விக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நல்ல சுகம். பிசான அறுப்பு முடிந்து களத்தில் வைக்கோல் காய்கிறது. உன் அப்பாவுக்கு முட்டுவலி தேவலாம்.

மகளிர் தினத்துக்கு ஆபீஸில் பேசப்போவதாகவும், உலகத்திலேயே முதல் பெண் பிரதமரான இலங்கையின் சிறிமாவோ பண்டாரநாயக்காவைப் பற்றி எடுத்திருப்பதாகவும் சொன்னாய். அந்தப் பெயரைக் கேட்டதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. போனில் சொன்னால் கோவையாக வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த அம்மா சாதாரண ஆள் இல்லை. அதை முதலில் சொல். 1959 செப்டம்பரில் பிரதமராக இருந்த புருஷனை வீட்டு வாசலில் வைத்துப் புத்த பிக்கு ஒருவர் சுட்டுவிட்டார். கையில் மூன்று பிள்ளைகள். அழுது அழுதே ஓட்டு வாங்குகிறாள் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கேலி பேசினார்கள். மறுவருஷம் ஜூலை தேர்தலில் அவர் தானே போட்டியிடக்கூட இல்லை. கட்சியை ஜெயிக்கவைத்து, 21ஆம் தேதி பிரதமராகப் பதவியேற்றார். செனட் என்கிற மேல்சபையில் உறுப்பினரானது அதற்குப் பிறகுதான். இந்திரா காந்தி வருவதற்கு இன்னும் ஆறு வருஷம் இருந்தது. பிரிட்டனில் தாட்சர் வருவதற்குப் பத்தொன்பது.

ஆச்சி அப்போது இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பிறக்கவில்லை. "தாலியறுத்தவ ஒரு நாட்டையே ஆளுறா பாருங்கடி" என்று லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பொம்பளைகள் எல்லாம் பேசிப் பேசிப் பூரித்ததை ஆச்சி எனக்குச் சொல்லியிருக்கிறாள். புருஷனை இழந்தவள் கல்யாண வீட்டில் முன்னால் வந்து நிற்க முடியாத காலம் அது. நம் முக்கூடலில் இன்றைக்கும் அது முழுசாகப் போய்விட்டதா என்ன? அந்தப் பூரிப்பு பொய்யில்லை. அதையும் உன் பேச்சில் வை.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகப் படி.

நம் பூட்டன் காலத்தில் பஞ்சம் பிழைக்கத் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போனவர்கள் நாம். காட்டை அழித்துத் தேயிலை வைத்தது நம் ஆட்கள்தான். 1948இல் இலங்கை சுதந்திரம் வாங்கிய கையோடு குடியுரிமைச் சட்டம் போட்டு, தோட்டத்துச் சனத்தை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். இதை சிறிமாவோ தலையில் கட்டக்கூடாது. அது முதல் பிரதமர் சேனநாயக்கா ஆட்சி செய்த காரியம். ஆனால் அதைச் சரிசெய்யும் அதிகாரம் இந்த அம்மா கைக்கு வந்தபோது என்ன நடந்தது? 1964 அக்டோபர் 30ஆம் தேதி டெல்லியில் லால் பகதூர் சாஸ்திரியோடு ஒப்பந்தம். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். ஏழுக்கு நாலு என்று கணக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பத்து வருஷம் கழித்து 1974 ஜனவரியில் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் சிறிமாவோ, இந்தப் பக்கம் இந்திரா. இரண்டு பெண் பிரதமர்கள் சரிசமமாக உட்கார்ந்து பேசிய பெருமை என்று நீ எழுதி வைத்திருக்கிறாயே, அது இதுதான். அப்படிக் கணக்குப் பிரிக்கும் முன்னே எங்களில் ஒருத்தரிடமும் "நீ எங்கே இருக்கப் பிரியப்படுகிறாய்" என்று யாரும் கேட்கவில்லை.

தாத்தா இந்தியாவுக்கு மனுப்போட்டார். அவர் தம்பி, உன் சின்னத் தாத்தா, இலங்கைக்குப் போட்டார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் குடியிருந்தவர்கள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். சின்னத் தாத்தா செத்த செய்தி தபாலில்தான் வந்தது. யாரும் போக முடியவில்லை.

நாங்கள் கிளம்பியது 1974இல். அப்போது தோட்டத்தில் அரிசி கிடையாது, பாண் என்கிற ரொட்டிக்கு விடியுமுன்னே வரிசை, பட்டினியில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். எட்டு வயசுப் பிள்ளை எனக்கே அந்தப் பசி நினைவிருக்கிறது. ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் பெட்டிக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுகை. ஒப்பாரிக் கோச்சி என்றே அந்த ரயிலுக்குப் பேர் வைத்திருந்தார்கள். தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறக்கம், மண்டபம் முகாம், கையில் ஒரு குடும்ப அட்டை. அப்புறம் முக்கூடல். தாத்தா கண்ணாலேயே பார்த்திராத சொந்த ஊர்!

கொழுந்து கிள்ளிப் பழகிய கையால் ஆச்சி பீடி சுற்றக் கற்றுக்கொண்டாள். மடியில் சுளவு, வலது பக்கம் ஈரத்துணியில் சுற்றிய இலை. வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, வாயை மடக்கி, நூல் கட்டுவாள். முதல் மாசங்களில் அவள் கட்டியதில் பாதியைக் கடையில் கழித்துப் போட்டார்கள். வாய் பேசாமல் திரும்ப உட்கார்ந்து கட்டினாள். ஊரில் எங்களுக்குச் 'சிலோன்காரி வீடு' என்று பேர். அங்கே இந்தியாக்காரி, இங்கே சிலோன்காரி. அந்தப் பீடிக் காசில்தான் நான் டீச்சர் டிரெயினிங் படித்தேன்.

அந்த அம்மாவின் மற்ற கதை உனக்குத் தெரிந்திருக்கும். 1972இல் நாட்டைக் குடியரசாக்கியது, 1976இல் அணிசேரா நாடுகள் மாநாட்டைக் கொழும்பில் நடத்தியது, மறுவருஷம் படுதோல்வி. 1980இல் அவருடைய குடிமை உரிமைகளையே ஏழு வருஷத்துக்குப் பறித்தார்கள். நம்மை மாதிரி நாட்டை விட்டு அனுப்பவில்லை, ஓட்டுப்போடும் உரிமையும் தேர்தலில் நிற்கும் உரிமையும் போயின. அதைப் பேப்பரில் படித்தபோது ஆச்சி சந்தோஷப்படவில்லை. "பாவம், அவளுக்கும் அது எப்படியிருக்கும்னு தெரிஞ்சிருக்கும்" என்றாள். பிறகு மகள் சந்திரிகா ஜனாதிபதியாக இருக்கும்போது 1994இல் மூன்றாம் முறை பிரதமரானார். 2000 அக்டோபர் 10ஆம் தேதி, ஓட்டுப் போட்டுவிட்டு வீடு திரும்பும் வழியில் உயிர் பிரிந்தது. இலங்கையில் மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கு 2003இல் சட்டம் போட்டுத்தான் வழி பிறந்தது.

அதனால் தலைப்பை மாற்று என்று நான் சொல்லவில்லை. தாராளமாக அவரைப் பற்றியே பேசு, மேடையில் அவருக்குள்ள மரியாதையைக் கொடு. ஆனால் 1964ஐயும் 1974ஐயும் தாண்டிப் போகாதே. நாற்காலியில் பெண் உட்கார்ந்தாள் என்பதோடு நிறுத்தாமல், உட்கார்ந்து யாருக்கு என்ன செய்தாள் என்றும் சொல். ஆச்சி பேத்தி நீ. நீ விட்டுவிட்டால் உன் ஆபீஸில் வேறு யாருக்கு அது தெரியும்?

மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. தம்பியிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். காட்டலாமென்று தோன்றினால் காட்டு. பேசி முடித்ததும் போன் போடு, எத்தனை மணியானாலும் சரி.

அன்புடன்,
அம்மா
முக்கூடல்