குடும்பப் பெயர் தேடும் ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

புலம்பெயர் நாடுகளில் இயங்கும் யாழ்ப்பாணத்து ஊர்ச் சங்கங்களின் நிர்வாக சபையினருக்கு,

வணக்கம்.

யாழ்ப்பாண நகரத்தில் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுப்பது என் தொழில். முன்பெல்லாம் என்னிடம் வருகிறவர்களுக்கு விசாவுக்கு ஒரு கடதாசி வேண்டும், அவ்வளவுதான். இப்போது வேறொரு தேவையும் சேர்ந்துவிட்டது. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்கள், நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு, பூட்டன் காலத்துக் காணி உறுதிகளைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறார்கள். “ஐயா, எங்கட குடும்பப் பெயர் என்னெண்டு இதில பாத்துச் சொல்லுங்கோ” என்கிறார்கள். விசாரித்தால், ஊர்ச் சங்கம் வம்சாவளிப் புத்தகம் போடப்போகிறதாம், அதற்கு அனுப்பிய படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். அதை வெறுமையாக விடக் கூச்சம். உறுதியில் கண்ட ‘முதலியார்’, ‘உடையார்’ என்று ஏதாவது ஒன்றை எடுத்து நிரப்பிவிடுகிறார்கள். சிலர் அதையே பேரப்பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலும் ஏற்றத் தயாராகிவிட்டார்கள். அதனால்தான் இந்த மடல்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் தேடும் அந்தப் பெயர் எங்களிடம் ஒருபோதும் இருந்ததில்லை. தகப்பன் பெயர் முன்னால், பிள்ளையின் பெயர் பின்னால், இதுதான் எங்கள் முறை. அடுத்த தலைமுறை வந்ததும் முன்னால் நின்ற பெயர் உதிர்ந்துவிடும். எல்லாருக்கும் தெரிந்த ஒரு குடும்பத்தையே எடுத்துப் பாருங்கள். இலங்கைத் தமிழ்த் தலைவர்களில் ஒருவரான சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் தகப்பன் பொன்னம்பலம். அந்தப் பொன்னம்பலத்தின் தகப்பன் அருணாசலம். சேர் அருணாசலத்தின் மகன் சேர் அருணாசலம் மகாதேவா. வெள்ளைக்காரன் கணக்கில் இவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு குடும்பம். எங்கள் கணக்கிலோ பாட்டன் பெயர் பேரனுக்கு வந்திருக்கிறது, தகப்பன் பெயர் முதலெழுத்தாக நிற்கிறது, எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது.

அதே வீட்டில் இன்னொரு விசயமும் இருக்கிறது, அது இன்னும் சுவையானது. அருணாசலத்தின் அண்ணன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1879இல் சட்டநிரூபண சபைக்குத் தமிழர் பிரதிநிதியாக நியமனம் பெற்றார். அவருக்கு முன் அந்த ஆசனத்தில் இருந்தவர் சேர் முத்துக்குமாரசுவாமி, இராமநாதனின் தாய்மாமன். மாமனின் தகப்பன் குமாரசுவாமி முதலியாரும் முன்னொரு காலத்தில் அதே சபையில் இருந்தவர்தான். அதாவது அந்த ஆசனம் மாமனிடமிருந்து மருமகனுக்கு, தாய்வழியில் வந்திருக்கிறது. சர்நேமை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் பொன்னம்பலத்துக்கும் குமாரசுவாமிக்கும் சொந்தம் உண்டென்று யாருக்குத் தெரியப்போகிறது? முத்துக்குமாரசுவாமியின் மகன்தான் கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் பிறந்து, இங்கிலாந்தில் ஆங்கிலேயத் தாயிடம் வளர்ந்தவர். பாட்டனின் பெயர் அவருக்குக் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. இன்று உங்கள் பிள்ளைகளுக்கு நடப்பது அவருக்கு அப்போதே நடந்து முடிந்துவிட்டது.

தாய்வழி என்று சொன்னேன் அல்லவா, யாழ்ப்பாணத்தில் குடும்பம் என்பதன் பாதி அங்கேதான் கிடக்கிறது. நீங்களோ முழுக்க முழுக்கத் தகப்பன் வழியில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். ஒல்லாந்தர் 1707இல் எழுதிவைத்த எங்கள் வழக்கச் சட்டமான தேசவழமையைப் புரட்டிப் பாருங்கள். தகப்பனின் முதுசம், அதாவது பரம்பரைச் சொத்து, ஆண்பிள்ளைகளுக்கு, தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கு என்பதுதான் அதில் சொல்லப்படும் பழைய முறை. இன்றைக்கும் பல வீடுகளில் வீடும் வளவும் மகளின் பேரில்தான் எழுதப்படுகிறது. மாப்பிள்ளை பெண்வீட்டுக்குக் குடிவருகிறார். ஆச்சியின் வளவில் அம்மா, அம்மாவின் வளவில் அக்கா. மூன்று தலைமுறை ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியிருக்கும், ஆனால் அந்த வீட்டு ஆண்களின் பெயரை வரிசையாக எழுதினால் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாதவர்கள் போல இருக்கும். இப்படிப்பட்ட ஊரில் தகப்பன் வழிப் பெயர் ஒன்று நிலையாக நின்றிருந்தால்தான் அதிசயம்.

எங்களிடம் மாறாத பெயர் இருப்பது காணிக்கு. எந்த உறுதியையும் திறந்து பாருங்கள். இன்ன கோயிற்பற்று, இன்ன இறை, இன்ன பெயருடைய காணி, இத்தனை பரப்பு, இத்தனை குழி, கிழக்கே இன்னார், தெற்கே ஒழுங்கை என்று போகும். எல்லையில் நிற்கும் மனிதர்கள் உறுதிக்கு உறுதி மாறுவார்கள். காணியின் பெயர் அப்படியே இருக்கும். ஊரில் ஒருவரை அடையாளம் சொல்லும்போதும் அந்தப் பெயர்தான் உதவிக்கு வரும்: இன்ன வளவுச் சின்னத்தம்பி, இன்ன தோட்டத்துக் கந்தையா. முதலெழுத்தில் ஊரையே வைத்தவர்களும் உண்டு. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் அந்த இரண்டு எழுத்தையும் சிறுப்பிட்டி, வைரவநாதர் என்று விரிப்பார்கள். ஊரும் தகப்பனும், போதாதா?

அப்படியானால் இந்துக்களுக்குக் குடும்பப் பெயரே இல்லையா என்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களுடன் படிக்கும் வடஇந்தியப் பிள்ளைகளுக்கெல்லாம் இருக்கிறதே. இருக்கிறதுதான், அவற்றின் கதையும் நல்ல கதைதான். மராட்டியத்தில் ஊர்க் கணக்கெழுதியவர் குல்கர்னி, குசராத்தில் ஊர்த் தலைமை பார்த்தவர் பட்டேல், சாதகம் கணித்தவர் சோசி. நான்கு வேதம் படித்த பரம்பரைக்குச் சதுர்வேதி, மூன்றுக்குத் திரிவேதி. வங்காளத்து முகர்சி, பானர்சி எல்லாம் உபாத்தியாயர் என்ற சொல்லில் முடியும் நீண்ட பெயர்களின் சுருக்கம். கோவாவில் மங்கேசி என்ற ஊரின் பெயர்தான் மங்கேஸ்கர். ஆந்திராவில் ஊர்ப்பெயர் முன்னால் வரும், சர்வேபள்ளி இராதாகிருட்டிணன் போல. சர்மா, வர்மா, குப்தா, தாசா என்று வர்ணத்துக்கு ஒரு வாலை விட்டுணு புராணமே விதித்து வைத்திருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன், எங்கள் அயலவரான சிங்களவருக்கே ‘கே’ பெயர் இருக்கிறது. முதியான்சலாகே என்றால் முதியான்சேயின் வீட்டார். இவை எல்லாவற்றிலும் தொழிலோ பதவியோ எப்போதோ போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. எங்கள் பட்டங்கள் அந்த வகை அல்ல. வைத்திருந்தவரோடு வந்து, பெரும்பாலும் அவரோடு போனவை.

உறுதியில் நீங்கள் கண்டெடுக்கும் முதலியாரைப் பாருங்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் மூவரின் கீழும் அது ஓர் உத்தியோகம், பின்னாளில் வெறும் கௌரவப் பட்டமாகவும் கொடுத்தார்கள். மணியகாரர், உடையார், விதானை எல்லாரும் அந்த ஏணியில் வெவ்வேறு படிகள். விதானை வேலையும் 1963இல் கிராம சேவகருக்குப் போய்விட்டது. பூட்டன் விதானையாக இருந்தார் என்பதற்காக கனடாவில் மார்க்கம் நகரத்தில் பிறக்கும் பிள்ளைக்கு விதானை என்று பெயர் வைப்பீர்களா? முதலியார் என்றால் மட்டும் ஏன் வைக்கத் தோன்றுகிறது? தமிழ்நாட்டில் அது சாதிப் பெயர் என்பதும், கேட்கக் கொஞ்சம் கனமாக இருப்பதும்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பிராமணக் குடும்பங்களைப் பாருங்கள். தகப்பன் குருக்கள், மகன் சர்மா. ஆச்சாரியாபிசேகம் என்ற குருப்பட்டச் சடங்கு ஆன பிறகுதான் மகனும் குருக்கள். பிறந்த வீட்டில் சும்மா கிடைக்கும் பெயரல்ல அது. ஆறுமுக நாவலருக்கு ‘நாவலர்’ என்ற பட்டத்தைத் திருவாவடுதுறை ஆதீனம் 1849இல் கொடுத்தது. அவருடைய மருமகன் பொன்னம்பலபிள்ளை பெரிய வித்துவான், மாமனின் பட்டத்தை எடுத்து ஒட்டிக்கொள்ளவில்லை. வித்துவசிரோமணி என்று தனக்கென ஒன்றைச் சம்பாதித்தார்.

இனிக் கசப்பான பக்கம். குடும்பப் பெயர் இல்லாதபடியால் யாழ்ப்பாணத்தில் பெயரை வைத்துச் சாதி பார்க்கவில்லை என்று சில சங்க மலர்களில் எழுதுகிறார்கள். இது சரியான கதை அல்ல. “தம்பி எவடம்? ஆரின்ர பிள்ளை?” என்ற இரண்டு கேள்வியில் எல்லாவற்றையும் கறந்துவிடும் ஊர் இது. அதற்கும் மேலே, பெயரின் வாலிலேயே ஆளின் இடத்தைக் காட்டினார்கள். ஒருவர் வீட்டுப் பிள்ளை கந்தையா, கந்தசாமி, கந்தப்பிள்ளை. ஒடுக்கப்பட்டவர் வீட்டுப் பிள்ளை கந்தன். ஒருவருக்குச் செல்லம்மா, மற்றவருக்குச் செல்லி. பழைய பதிவுகளைப் பெயர்க்கும்போது இந்த வித்தியாசம் கண்ணில் குத்திக்கொண்டே இருக்கும். சாதி பார்த்து ஒதுக்குவதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்தது. அதற்குப் பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் போகச் சனங்கள் வாசலில் போராட வேண்டியிருந்தது. உங்கள் வம்சாவளிப் புத்தகத்தில் ஒரு வீட்டார் முதலியார் என்றும் அடுத்த வீட்டார் உடையார் என்றும் அச்சில் நின்றால், அந்தக் கட்டத்தில் போட ஒன்றும் இல்லாத மூன்றாம் வீட்டாரை என்ன செய்யப்போகிறீர்கள்? அவர்களும் அதே ஊர்தான். உங்கள் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்கள்தான்.

தமிழ்நாட்டில் 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. பெரியாரே நாயக்கரை உதறியவர். பெயருக்குப் பின்னால் பட்டம் போடுவது கூச்சம் என்ற நிலைக்கு அங்கே பலர் வந்துவிட்டார்கள். அவர்கள் இவ்வளவு பாடுபட்டுக் கழற்றியதை, ஒருபோதும் சாதியைச் சர்நேமாகப் போட்டுப் பழகாத நாங்கள் கனடாவில் போய்ப் புதிதாக மாட்டிக்கொள்வதா? இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

சரி, உங்கள் சங்கடமும் எனக்குத் தெரியாததல்ல. ஒரு வீட்டில் தகப்பனின் சர்நேம் பாட்டன் பெயர், தாயின் சர்நேம் அவளுடைய தகப்பன் பெயர், பிள்ளையின் சர்நேம் தகப்பனின் சொந்தப் பெயர். விமான நிலையத்தில் நின்று “இது என் பிள்ளைதான்” என்று தாய் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. கணபதிப்பிள்ளை என்ற ஒரே பெயரை எவனோ ஒரு கந்தோர்க்காரன் இரண்டாக வெட்டி எழுத, அன்றிலிருந்து அந்தக் குடும்பம் மிஸ்டர் பிள்ளை குடும்பம். எங்கள் ஊரில் பிள்ளை என்பது பெயரின் ஒரு துண்டு, தனிப் பட்டம் அல்ல என்று அங்கே யாருக்கு விளங்கும்? இதற்கெல்லாம் சமாதான நீதவானிடம் போய், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டே இருக்கிறார்கள். பெயர் தலைகீழாவது எங்களுக்கு மட்டும் வந்த வினையும் அல்ல. சதுரங்க வீரர் ஆனந்தை உலகமே செல்லமாக விசி என்கிறது, விசுவநாதன் அவருடைய தகப்பன்.

ஆகவே வெளிநாட்டில் நிலையான பெயர் ஒன்று தேவை என்றால் தாராளமாக வையுங்கள். ஆனால் அது உங்கள் வீட்டில் உண்மையில் வாழ்ந்த ஒருவரின் பெயராக இருக்கட்டும். முதலில் அந்த நாட்டில் போய் இறங்கியவரின் பெயர், அல்லது அவருடைய தகப்பனின் பெயர். பல வீடுகளில் இது தானாகவே நடந்துவிட்டது, குழப்பாமல் விட்டுவிடுங்கள். ஆச்சி ஒருத்தி தனியாக நின்று பிள்ளைகளை ஆளாக்கிய வீடுகள் போருக்குப் பிறகு எங்களிடம் எத்தனையோ. அங்கே ஆச்சியின் பெயரே இருக்கலாம், சட்டம் இடம் கொடுத்தால். ஒரே எழுத்துக்கூட்டலை அண்ணன் தம்பி எல்லாரும் வையுங்கள், அது மட்டும் கட்டாயம். எண்சாத்திரக்காரரைக் கேட்டு நடுவில் ஓர் எழுத்தைக் கூட்டுகிறவர்களால் எனக்கு வருமானம், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

வம்சாவளிப் புத்தகத்துக்கு என் வேண்டுகோள் வேறு. ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தாயின் முழுப் பெயர், அவள் பிறந்த ஊர், அவளுடைய வளவின் பெயர் ஆகிய மூன்றையும் கேளுங்கள். இதுவரை என் கண்ணில் பட்ட வம்சாவளிகளில் ஆண்கள் எல்லாருக்கும் பெயர் இருக்கிறது, அரைவாசிப் பெண்கள் வெறும் ‘மனைவி’ அல்லது ‘திருமதி’. இத்தனைக்கும் அவர்களின் பெயரைத் தேடுவது அவ்வளவு கடினமும் அல்ல. நீங்கள் பட்டம் தேடித் தூக்கிக்கொண்டு வருகிற அதே உறுதிகளில், சீதனம் எழுதிய பக்கத்தில், இன்னாரின் மகள், இன்னாரின் பெண்சாதி, இன்ன பெயருடையவள் என்று முழுவதுமாக எழுதியிருக்கும். 1995 இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்கள், காணியின் பெயரும் ஊரும் தெரிந்தால் காணிப் பதிவகத்தில் தேடுவிக்கத் தொடங்கலாம். நேரம் எடுக்கும், பொறுமை வேண்டும். இப்படிக் கொண்டுவரும் சீதன உறுதிகளை உங்கள் புத்தகத்துக்காக வாசித்துப் பெயர் எடுத்துக் கொடுக்க நான் காசு வாங்கமாட்டேன். உறுதி எழுதிய பழைய நொத்தாரிசுமாரின் கையெழுத்து எனக்குப் பழக்கம்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன்