சரக்கேற்றி ஓட்டிப் பார்க்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தை விடாமல் படிக்கிறேன். புதிய கார், புதிய பைக், மைலேஜ் எவ்வளவு, என்னென்ன கலர் என்று விவரமாக எழுதுகிறீர்கள். எங்களைப் போன்ற சிறுதொழில்காரர்கள் வாங்குகிற சரக்கு வண்டிக்கோ விளம்பரம் மட்டும்தான் வருகிறது. காரைக்குடிப் பக்கம் மரப்பட்டறை, பலகாரக்கடை, சமையல் கான்ட்ராக்ட், பந்தல், பிளம்பிங், எலக்ட்ரிகல் என்று தொழில் செய்கிற பலருக்கு வீட்டுக்கு அடுத்த பெரிய செலவு அந்த வண்டிதான். நகையை அடகு வைத்து முன்பணம் கட்டுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆத்தங்குடியில் எங்கள் குடும்பம் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறது. பட்டறை வேலையை என் வீட்டுக்காரர் பார்க்கிறார். ஆர்டர், கணக்கு, வண்டி மூன்றும் என் பொறுப்பு. கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலர் ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கிற கல் இது. சூளையில் வேகாத கல். பார்க்க அழகு, கையில் எடுத்தால் கனம், விளிம்பில் அடிபட்டால் மூளி. இதை ஏற்றிக்கொண்டு போவதற்கு வண்டி தேர்ந்தெடுப்பது என்றால், முதலில் எடை தெரிய வேண்டும்.

எட்டு இஞ்சுக் கல் ஒன்று ஏறக்குறைய இரண்டு கிலோ. நூறு சதுர அடிக்கு 225 கல், அதாவது 450 கிலோ. இருபதுக்கு இருபது ஹால் ஒன்றுக்கு 900 கல், 1,800 கிலோ. இப்போது வண்டியைப் பாருங்கள். எல்லோரும் குட்டி யானை என்று கூப்பிடுகிற டாடா ஏஸ் 2005-இல் வந்தது. அந்த அளவு வண்டிகள் முக்கால் டன் சுமக்கும். அசோக் லேலண்ட் தோஸ்த் போன்றவை மாடலைப் பொறுத்து ஒன்றேகால் டன், ஒன்றரை டன் வரை. பொலேரோ பிக்கப்பில் 1.7 டன் மாடலும் இருக்கிறது. ஆர்சி என்கிற பதிவுப் புத்தகத்தில் காலி எடை, மொத்த எடை என்று இரண்டு போட்டிருப்பார்கள். மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் வருவதைத்தான் நீங்கள் ஏற்றலாம். அதிலும் டிரைவர், பக்கத்தில் உட்காருகிற ஆள், தார்ப்பாய், வைக்கோல், மேலே கட்டுகிற கூண்டு எல்லாம் அடங்கும். முக்கால் டன் வண்டியில் உண்மையில் கல்லுக்கு மிஞ்சுவது அறுநூறு கிலோ சொச்சம். அந்த ஒரு ஹாலுக்குக் குட்டி யானை மூன்று நடை போக வேண்டும், தோஸ்த் இரண்டு நடை. 1.7 டன் வண்டியிலும் ஒரே நடையில் முடியாது, கொஞ்சம் மிஞ்சும்.

இந்தக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து போட்டுவிட்டு ஷோரூமுக்குப் போனால், அங்கே பேச்சு வேறு மாதிரி இருக்கிறது. மாதத் தவணை எவ்வளவு கட்ட முடியும் என்பதுதான் முதல் கேள்வி. அப்புறம் ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள். பின்னால் ஒன்றுமே இருக்காது. காலி வண்டியை நல்ல தார் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தால் எந்த வண்டியும் நன்றாகத்தான் தெரியும். இரண்டாவது கியரில் சுமையோடு மேடு ஏறும்போது எஞ்சின் திணறுகிறதா, பிரேக் பிடித்தால் எவ்வளவு தூரம் தள்ளிப் போய் நிற்கிறது, பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பின்பக்கம் எப்படிக் குதிக்கிறது என்பதெல்லாம் சரக்கு ஏறினால்தான் தெரியும். கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனால் கூட மடிப்பைப் பிரித்து வெளிச்சத்தில் காட்டுகிறார்கள். பல லட்ச ரூபாய் வண்டிக்கு அந்த மரியாதை இல்லை.

சரக்கேற்றி ஓட்டிப் பார்க்க விடுகிறீர்களா என்று நான் கேட்டபோது ஒரு இடத்தில் மறுத்தார்கள். இன்னோர் இடத்தில் சரி என்றார்கள். கல்லை எப்போதும் அடுக்குகிற மாதிரியே குத்துவசமாக நிறுத்தி, இடையில் வைக்கோல் செருகி, கயிறு போட்டு, மழைக்குப் பிறகு பொத்தல் விழுந்து கிடந்த கிராமத்து ரோட்டில் என் மகன் ஓட்டினான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து கல்லை ஒவ்வொன்றாக இறக்கி விளிம்பைத் தடவிப் பார்த்தோம். அந்த வண்டியைத்தான் வாங்கினோம், இன்றும் ஓடுகிறது.

சரக்கு அதிகமாகிவிட்டால் பின்னால் ஸ்பிரிங் பட்டை ஒன்று சேர்த்துக்கொள்ளலாம் என்று பலர் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் அப்படிப் பட்டை ஏற்றிய வண்டிகள் நிறைய. பட்டை சேர்த்தால் வண்டி தொங்காது, உண்மைதான். ஆனால் பிரேக்கும் டயரும் கிளட்சும் ஆக்சிலும் பழைய எடைக்குச் செய்தவைதானே? நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. போதாததற்கு, பட்டை கூடினால் ஸ்பிரிங் இறுகிப்போய், சரக்குக் குறைவாக இருக்கிற நாளில் ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கித் தூக்கிப் போடும். கல் மூளியாவது அப்போதுதான். ஆர்சியில் இருக்கிற எடையும் மாறாது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மூங்கில், பைப் என்று வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு போனாலும் அதே 20,000. பந்தல்காரர்களும் பிளம்பர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு எடையைவிடச் சரக்கு ஏற்றுகிற தட்டின் நீளம்தான் முக்கியம்.

டீசலா பெட்ரோலா என்பதற்கு எல்லோருக்கும் பொருந்துகிற பதில் கிடையாது. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, பல டீசல் வண்டிகளின் புகைபோக்கியில் கரியைப் பிடித்து வைக்கிற ஃபில்டர் இருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடாகி, கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும். பள்ளத்தூரில் ஒரு வீடு, கோட்டையூரில் ஒரு வீடு, நடுவில் ஸ்பேர் கடை என்று நாள் முழுக்க நின்று நின்று ஓடுகிற எலக்ட்ரீஷியனுக்கு அது அடைத்துக்கொள்ளும். டேஷ்போர்டில் விளக்கு எரியும், வண்டி இழுக்காது. அவருக்குச் சின்ன பெட்ரோல் வண்டி போதும். திருச்சிக்கும் மதுரைக்கும் அடிக்கடி சரக்குப் போகிற எங்களுக்கு டீசல் சரியாக வருகிறது. சிஎன்ஜி வாங்குகிறவர்கள் தங்கள் பாதையில் பங்க் எங்கே இருக்கிறது, சிலிண்டரின் எடை போக எவ்வளவு ஏற்றலாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கையான வண்டி என்பதற்கு என் கணக்கு இதுதான்: கெட்டுப்போனால் எத்தனை நாளில் திரும்பி வருகிறது? கெடாத வண்டி எதுவும் இல்லை. உறவினர் ஒருவர் தவணை குறைவு என்று ஒரு வண்டி எடுத்தார். ஒரு சென்சார் போய்விட்டது. இந்தப் பக்கத்தில் அந்த சாமான் இல்லை, வெளியூரிலிருந்து வரவேண்டும் என்று சொல்லி, ஆவணி முகூர்த்த நாட்களில் வாரக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அவர் சமையல் பாத்திர வாடகைக்காரர். அண்டாவும் குத்துப்போணியும் வீட்டில் இருக்க, வெளி வண்டிக்கு வாடகை கொடுத்து அனுப்பினார். தவணைத் தேதி மட்டும் தள்ளிப்போகவில்லை.

அதனால் ஷோரூமுக்கு முன்னால் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன். காலையில் ஒரு மணி நேரம் வாசலில் நின்றால் போதும். வண்டியை விட வருகிற டிரைவர்களிடம் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எதற்காக வந்தீர்கள் என்று கேட்டால் மனம் விட்டுப் பேசுவார்கள். தூசி படிந்து மூலையில் நிற்கிற வண்டிகள் எதற்காகக் காத்திருக்கின்றன என்றும் விசாரியுங்கள். அப்புறம் ஊரில் இருக்கிற ஸ்பேர் கடையில் அந்த வண்டியின் கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, வீல் பேரிங் கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் அந்த வண்டி நம் ஊரில் நிறைய ஓடுகிறது என்று அர்த்தம்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு எச்சரிக்கை உண்டு. தொண்டிக் கடற்கரை இங்கிருந்து தூரமில்லை. மீன் ஏற்றிய வண்டிகள் பெயின்ட் அடித்து, புது ரப்பர் விரித்து காரைக்குடி வரை விற்பனைக்கு வருகின்றன. ஐஸ் உருகின உப்புத் தண்ணீர் தட்டு வழியாக ஒழுகி அடிச்சட்டத்தை அரித்திருக்கும். "பெயின்ட்டைப் பார்க்காதீங்க அக்கா, கீழே படுத்துப் பாருங்க" என்றார் எங்கள் மெக்கானிக். அவர் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஸ்பிரிங் மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் சட்டத்தில் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு கணீரென்று சத்தம் கொடுத்தது. ஒரு இடத்தில் மந்தமாகக் கேட்டது. குத்தினால் பெயின்ட்டோடு பொருக்கு பொருக்காக உதிர்ந்தது. அந்த வண்டியை விட்டுவிட்டு வந்தோம். சட்டத்தில் வெல்டிங் வைத்த தடம் இருந்தாலும் இதே போல விட்டுவிடலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது நம் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ இருக்கிறது. ஆர்சியில் ஃபைனான்ஸ் அடமானம் நீக்கப்பட்டிருக்கிறதா, எஃப்சி என்கிற தகுதிச் சான்று எதுவரை, அபராதம் பாக்கி உண்டா என்பதைப் பணம் கொடுக்கும் முன் பார்த்துவிட வேண்டும். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்சி, அதற்கு மேல் வருடா வருடம். வண்டி கைமாறிய பதினான்கு நாளுக்குள் இன்சூரன்ஸையும் நம் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சட்டத்தில் நமக்குச் சாதகமானவையும் உண்டு. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. 1.7 டன் பிக்கப் அதைத் தாண்டிவிடும், கவனிக்க. கார் லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோ வரை உள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. முறையாக ஜிஎஸ்டி கட்டுகிற தொழிலுக்கு அந்த வரியைக் கழித்துக்கொள்ளவும் வழி உண்டு. விற்பனையில் ஒரு சின்ன சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டுகிற காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான் இல்லை.

கடைசியாக ஒன்று, எனக்கு மிக முக்கியமானதும் இதுதான். கல் பதிக்கப் போகிற ஆட்கள் எப்படிப் போவார்கள்? சாலையில் எங்கே பார்த்தாலும் சிமெண்ட் மூட்டை மேல், சாரக் கம்பு மேல் ஆட்கள் உட்கார்ந்து போகிறார்கள். பெண்கள் கைக்குழந்தையோடு போவதையும் பார்க்கிறேன். வண்டி பிரேக் பிடித்தால் சரக்கு அவர்கள் மேல் சரியும். அதில் ஏதாவது ஆனால், பின்னால் ஏறியவர்களுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று இன்சூரன்ஸ்காரர்கள் வழக்காடுவார்கள். ஒரு குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். நாங்கள் ஆட்களை பஸ்ஸில் அனுப்புகிறோம். பஸ் இல்லாத ஊருக்கு ஆட்டோ. அந்தச் செலவை எஸ்டிமேட்டிலேயே எழுதிவிடுவேன். ஏன் என்று கேட்கிற ஆச்சிமாருக்கு விளக்கிச் சொன்னால் ஒருவரும் மறுத்ததில்லை. எப்போதும் நாலு பேரோடு போகிற தொழில் என்றால் பின் சீட்டும் தட்டும் சேர்ந்த வண்டியை வாங்கலாம். விலை கூடும், ஏற்றுகிற எடை குறையும். ஆனாலும் அதைக் கேட்டுப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. வண்டி விற்பவர்கள் தொழில்காரர்களுக்குச் சரக்கேற்றி ஓட்டிப் பார்க்க அனுமதி தர வேண்டும் என்று உங்கள் பத்திரிகை எழுத வேண்டும். அடுத்தது, வாகனப் பக்கத்தில் மாதம் ஒரு முறையாவது ஒரு சரக்கு வண்டியை, ஆர்சியில் உள்ள முழு எடையையும் ஏற்றி, எங்கள் ஊர் ரோடு போன்ற ரோட்டில் ஓட்டிப் பார்த்து, பிரேக், மைலேஜ், சர்வீஸ் செலவு, சாமான் கிடைக்கிற ஊர் எல்லாவற்றையும் போடுங்கள். செட்டிநாட்டுப் பக்கம் வந்தால் ஏற்றுவதற்கு எங்கள் பட்டறையில் கல் இருக்கிறது. அடுக்கிக் கட்டிக் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
பட்டறைக் கணக்கு பார்க்கும் ஒரு வாசகி,
ஆத்தங்குடி, சிவகங்கை மாவட்டம்.