ஆள் கிடைக்கவில்லையாமே என்று கேட்டிருந்தாய்

டேய் ரவி,

நீ வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு அங்கேயே பதில் போட ஆரம்பித்தேன். நாலு வரிக்கு மேல் கட்டைவிரல் ஒத்துழைக்கவில்லை, அதனால் மகளுடைய லேப்டாப்பைக் கேட்டு வாங்கி உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் எல்லாரும் சௌக்கியம், அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை.

'மன்னார்குடிப் பக்கம் வயல் வேலைக்கு ஆளே கிடைக்காதாமே, 100 நாள் வேலை வந்து எல்லாரும் சோம்பேறி ஆகிவிட்டார்களாமே, நிலத்தைக் கொடுத்துவிடலாமா?' என்று எழுதியிருந்தாய். நிலத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். ஆள் கிடைக்காத கதையை யார் உன்னிடம் சொன்னார்கள் என்று தெரியும், டீக்கடை பெஞ்சில் தினமும் காலையில் அதே பேச்சுதான். நானும் சேர்ந்து பேசியவன்தான்.

போன புரட்டாசியில் நடவுக்கு ஆள் கேட்டுத் தெற்குத் தெருவுக்குப் போனேன். உங்கள் அப்பாவிடம் பண்ணை வேலை பார்த்தாரே, அந்தப் பெரியவர் வீட்டுக்கு. அவர் இப்போது இல்லை, மகன் இருக்கிறான். துபாயில் ஏழு வருஷம் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்துவிட்டு வந்து மாடி வீடு கட்டியிருக்கிறான். நான் வழக்கம்போல வாசலில் நின்று குரல் கொடுத்தேன். அவன் வெளியே வந்து, 'உள்ளே வாங்க சார்' என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். ஐம்பத்தைந்து வயதில் முதல் தடவையாக அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்தேன் ரவி. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. டீ வந்தது, குடித்தேன். பிறகு அவன் கேட்டான்: 'எத்தனை மணிக்கு வரணும், எத்தனை மணிக்கு விடுவீங்க, கூலி அன்னைக்கே கையில கொடுத்துடுவீங்களா?' எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் நம் வீட்டில் யாரும் இதுவரை யாரிடமும் மணி சொன்னதே கிடையாது. 'எங்கம்மா இனிமே சேத்துல இறங்காது சார், தப்பா நினைச்சுக்காதீங்க' என்று சொல்லி அனுப்பினான்.

திரும்பி வரும் வழியில் கோபம்தான் வந்தது. கோபம் அடங்கிய பிறகு யோசித்துப் பார்த்தால், அறுப்பை மெஷினுக்குக் கொடுத்தது யார்? நாம்தானே. சின்ன வயதில் பார்த்திருப்பாய், கட்டடித்துத் தூற்றி முடிந்ததும் களத்திலேயே மரக்காலால் கூலி நெல்லை அளந்து போடுவார்கள், பொம்பளைகள் முந்தானையிலும் சாக்கிலும் வாங்கிக்கொண்டு போவார்கள். சில மாதச் சாப்பாடு அது. இன்றைக்கு ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வண்டி வருகிறது, ஏக்கருக்கு ஒரு மணி நேரம், கொஞ்சம் மேலே போனால் ஒன்றரை. இந்தத் தையில் மழை பிடித்து வயல் ஈரமாகிவிட்டது, டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான். மணிக்கு 2,600 ரூபாய் என்றான், வாயைத் திறக்காமல் கொடுத்தேன். அப்புறம் நெல்லைத் தார் ரோட்டில் கொட்டி, கொள்முதலுக்கு ஏற்றபடி ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்குமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே நாலு நாள் காவல். வருஷத்தில் பெரிய வேலையையெல்லாம் இரும்புக்குக் கொடுத்துவிட்டு, நடவுக்கும் களைக்கும் மட்டும் பத்து இருபது நாள் கூப்பிட்டு, மிச்ச நாள் என்ன சாப்பிட்டாய் என்று ஒருவார்த்தை கேட்காமல், வரவில்லை என்று திட்டுகிறோம்.

100 நாள் வேலை 2006-ல் நாகப்பட்டினத்துக்கு வந்தது, மறு வருஷம் நம் திருவாரூர் மாவட்டத்துக்கு. அது ஆளை இழுத்தது உண்மைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 2025-26-க்கு அறிவித்த நாள் கூலியே 336 ரூபாய், அதுவும் உடனே வந்ததில்லை. அதை நம்பி யாரும் சோம்பேறியாக முடியாது. எனக்குத் தெரிந்து வேலையை மாற்றியது டவுன் பஸ். 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லையே, தெற்குத் தெருப் பிள்ளைகள் காலை எட்டு மணி பஸ்ஸில் மன்னார்குடி ஜவுளிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் போகிறார்கள். முன்பு சம்பளத்தில் ஒரு பங்கு பஸ்ஸுக்கே போய்விடும், போகிறதில் அர்த்தமில்லை. இப்போது நிழலில் நின்று மாதச் சம்பளம். என் மகளாக இருந்தால் எதைச் செய்யச் சொல்வேன்?

சரி, நடவு எப்படி முடிந்தது என்று கேட்பாய். வங்காளத்திலிருந்து ஆள் வந்தார்கள், முர்ஷிதாபாத் பக்கம். நாற்றுப் பறித்து நட்டுக் கொடுக்க ஏக்கருக்கு 4,500. பத்து ஆண்பிள்ளைகள், குனிந்தால் நிமிர்வதில்லை, பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறார்கள். நம் மோட்டார் கொட்டகையில்தான் தங்கினார்கள். கடுகெண்ணெய் வாசனை எனக்கு முதலில் குமட்டியது, நாலாம் நாள் வாய்க்காலில் கெண்டை பிடித்துக் குழம்பு வைத்துக் கொடுத்தார்கள், அதற்குப் பிறகு குமட்டவில்லை. அவர்களுடைய மேஸ்திரிக்குத் தமிழ் ஓரளவு வருகிறது. 'உங்க ஊர்லயும் நெல்லுதானே, அங்க யார் நடுறாங்க?' என்று கேட்டேன். 'அங்கே கூலி கம்மி, நட ஆள் கிடைக்கறதில்லே' என்று சிரித்தான்.

இதில் புதிதாக எதுவும் இல்லை என்றும் தோன்றுகிறது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல் வந்ததே, அது அன்றைய தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்றே போட்ட சட்டம், நம் ஊரும் அப்போது அதில்தான், அப்படி ஒன்று தேவைப்பட்ட ஜில்லா இது. கூலி நெல் கூடுதலாகக் கேட்டுச் சங்கம் சேர்ந்த தகராறில்தான் 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து போனார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நம் வீடுகளில் அதைப் பற்றி யாரும் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை. அன்றைக்கு நெல்லைக் கேட்டார்கள், இன்றைக்கு மணியைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நமக்கு இன்னும் பழகவில்லை.

நான் யோக்கியன் என்று நினைத்துவிடாதே. 8 மணிக்கு வரச்சொல்லி 3 மணிக்கு விட்டு, அன்றன்றைக்குக் காசு கொடுத்தால் என் கணக்கு இடிக்கிறது. சம்பாவில் கூட்டிக் கழித்து எனக்கு மிஞ்சியது கூட்டுறவு சங்கத்து நகைக்கடன் வட்டிக்குச் சரியாக இருந்தது. வைக்கோலையும் மெஷின்காரன் உருட்டிக் கட்டி லாரியில் ஏற்றிவிட்டான். மாட்டை விற்று மூன்று வருஷம் ஆகிறது, வைத்து என்ன செய்ய?

இனி உன் நிலம். அந்த ஒன்றே முக்கால் ஏக்கரை விற்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, உன் பிள்ளைகள் வரப்பில் நடந்ததுகூட இல்லை. ஆனால் வாங்க வருகிறவன் மனை போடுகிறவன், பாமணியாற்றுத் தண்ணீர் பாயும் வாய்க்காலை மண் போட்டு மூடிவிட்டால் கீழே இருக்கும் எட்டுப் பேர் வயலும் காயும், அதில் என்னுடையதும் ஒன்று, ஒளிக்காமல் சொல்கிறேன். தெற்குத் தெருவில் அந்த எலக்ட்ரீஷியன் குத்தகைக்குக் கேட்கிறான். பவர் டில்லர் வாங்கியிருக்கிறான், நேரடி விதைப்பு செய்து பார்க்கிறேன் என்கிறான். உங்கள் அண்ணன் காதில் விழுந்தால் குதிப்பார், அது உனக்கே தெரியும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் நம் மடைக்குத் தண்ணீர் வர மாதக் கடைசி ஆகிவிடும். அதற்குள் அவனுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். நீயே போனில் பேசிவிடு, நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். பேசும்போது வாங்க, போங்க என்று பேசு.

உன்
குமார்