பச்சைக் குமிழி

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள முத்து,

உயிரோடுதான் இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. உனக்குத் தர வேண்டிய பாக்கியும் ஞாபகம் இருக்கிறது, அதை இப்போது கிளறாதே.

விஷயம் காவ்யாவைப் பற்றி. நானும் லதாவும் ஐபோன். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எதற்கு அவ்வளவு விலை என்று அவளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கிக் கொடுத்தேன். நம் ஊரில் எல்லோருக்கும் வாட்ஸ்அப், சண்டையே இல்லை. இங்கே பிள்ளைகள், ஆண்ட்ராய்டில் ஓடாத ஆப்பிளின் செய்திச் சேவையான ஐமெசேஜில்தான் குடியிருக்கிறார்கள். குழுவில் ஒரே ஒரு ஆண்ட்ராய்டு நுழைந்தால் போதும், மற்றவர்கள் அனுப்பும் செய்திகளின் குமிழி நீலத்திலிருந்து பச்சைக்கு மாறிவிடும். கூடைப்பந்துக் குழுவில் ஒருத்தி, "உன்னாலதான் பச்சையாச்சு" என்றாளாம். இவள் இல்லாமல் இன்னொரு குழு தொடங்கிவிட்டார்கள். அன்று ராத்திரி சாப்பிடாமலே படுத்துக்கொண்டாள்.

நிறம்தானே என்று நானும் சிரித்தேன். அப்புறம் தேடிப் படித்தேன். ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்கும் கொடுக்கலாமா என்று 2013-இல் ஆப்பிளுக்குள் பேச்சு வந்திருக்கிறது. கொடுத்தால், ஐபோன் வைத்திருக்கும் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்க இருக்கும் தடை நீங்கிவிடும் என்று ஆப்பிளின் மென்பொருள் அதிகாரி கிரெய்க் ஃபெடரிகி எழுதிய மின்னஞ்சல், எபிக் என்ற கேம் நிறுவனம் ஆப்பிள்மீது போட்ட வழக்கில் வெளியே வந்தது. முத்து, அவர் சொல்லும் குடும்பம் என் குடும்பம்தான்! 2022-இல் ஒருவர், அம்மாவுக்குச் சில வீடியோக்களை அனுப்ப முடியவில்லை என்று கூட்டத்திலிருந்து கேட்டதற்கு, "அம்மாவுக்கு ஐபோன் வாங்கிக் கொடுங்கள்" என்றார் மேடையிலிருந்த டிம் குக், ஆப்பிளின் அன்றைய தலைமை அதிகாரி. நம் பெருமாள் வாத்தியார்கூட இப்படிப் பதில் சொன்னதில்லை.

முன்பெல்லாம் ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இடையே எம்எம்எஸ் என்ற பழைய முறையில் போவதால் வீடியோ நசுங்கிப் போய்ச் சேரும். 2024 செப்டம்பரில் ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 18-உடன் ஆர்சிஎஸ் என்ற புதிய செய்தி முறை வந்தது. இப்போது படம் தெளிவு, எதிராளி தட்டச்சு செய்வதும் தெரிகிறது. பச்சை மட்டும் பச்சையாகவே இருக்கிறது. தொழில்நுட்பத்தை நான் விளக்க விளக்க, "அப்பா, அவங்க வீடியோ தெளிவா இருக்கான்னு பாக்கல" என்றாள். பதில் இல்லை என்னிடம்.

என் பழைய ஐபோனைக் காவ்யாவிடம் கொடுத்துவிடச் சொல்கிறாள் லதா. கொடுத்தால் அந்த மின்னஞ்சலில் ஆப்பிள் போட்ட கணக்கு என் வீட்டில் பலித்துவிடும். கொடுக்காவிட்டால் என் வீம்புக்குப் பிள்ளை தனியாக உட்காருவாள். நீ என்ன செய்வாய்? உன் பதில் வேண்டாம், கனகாவிடம் கேட்டு எழுது.

உன்,
சேகர்