குறிபார்க்கும் கூடம்: பழைய சைக்கிள் செயின் தாருங்கள்

அன்புடையீர்,

வற்றாப்பளைப் பொங்கல் போன்ற திருவிழாக்களுக்கு லாண்ட்மாஸ்ரர் (இருசக்கர உழவு இயந்திரம்) பெட்டியில் ஏற்றிச் செல்லத்தக்க, திரையே இல்லாத குறிபார்க்கும் விளையாட்டொன்றைச் செய்கிறோம். கணினி விளையாட்டுகள் வந்து ஓரங்கட்டிய வகை இது. 1936இலேயே அமெரிக்காவின் சீபர்க் நிறுவனம் ஒளிக்கதிரால் வாத்துச் சுடும் இயந்திரம் விற்றது. எங்களுடையதில் மின்னணு எதுவுமில்லை. பழுதானால் சைக்கிள் கடையில் திருத்தலாம்.

துவக்கும் (துப்பாக்கியும்) இல்லை. போர் கண்ட வன்னியில் பிள்ளையின் கையில் அந்த வடிவம் எதற்கு? பலகையில் பூட்டிய குழாய்க்குள் சுருள்வில் ஒன்று மேசைப்பந்தைத் தள்ளும். பந்து 40 மி.மீ., குழாயின் உள்விட்டம் 42. இறுகினால் மணல் பட்டுச் சிக்கும். தளர்ந்தால் குறி தவறும்.

இரண்டு 18 பல் பிறீவீல்களுக்கிடையே (சைக்கிளின் பின்சில்லுப் பற்சக்கரங்கள்) செயின் ஓடும். 400 கண்ணி, 16 கண்ணிக்கொரு குறித்தகடு, ஆக 25 தகடு. பிறீவீலை வெல்டிங்கால் இறுக்காவிட்டால் மோட்டர் சுற்றும், செயின் நிற்கும். செயினில் நேரே வெல்டிங் பிடித்தால் கண்ணி விறைத்துவிடும். ஆகவே கண்ணியின் வெளித்தகட்டைக் கழற்றி அந்த இடத்தில் எல் வடிவத் தகட்டைப் பொருத்துகிறோம். அடிபட்டுப் பின்னே சாய்ந்த குறித்தகடு கீழே திரும்பிப் போகையில் தலைகீழாகத் தொங்கித் தானாகவே நேராகும். மேலே ஏறும் முனையில் வளைத்த கம்பி அதைச் சற்று முன்னே தள்ளிவிடும்.

குறித்தகட்டின் அடியில் பந்து பட்டால் தகடு விழாது, "ஏமாற்றுறாங்கள்" என்பார்கள். கீழ் மூன்றிலொரு பங்கை மறைப்புப் பலகை மூடினால் அந்தச் சண்டை வராது. சோளகக் காற்றும் தகட்டைத் தள்ளிவிடும். எங்கள் விளையாட்டுக் கடையின் அடைத்த முதுகு தென்மேற்கே இருக்கவேண்டும். வெறும் தகரம் படீரென ஒலிக்கும். இங்கே பலருக்கு அந்தச் சத்தம் ஆகாது. அதனால் தகட்டின் பின்னே சைக்கிள் ரியூப் ஒட்டுவோம்.

இன்னும் தேவை: சைக்கிள் செயின் 4, பிறீவீல் 2, காரின் வைப்பர் மோட்டர் 1 (12 வோல்ட்), கார் பற்றரி 1, பழைய ரியூப் 6, மேசைப்பந்து 60. பந்துகள் மிதிபட்டு நசியும், அறுபதும் அதிகமில்லை. வெல்டிங் கூலிக்கு மட்டும் காசு வேண்டும்; கொடுப்போருக்குப் பற்றுச்சீட்டு உண்டு.

பழைய செயினை மண்ணெண்ணெயில் கழுவித் தந்தால் பெரிய உதவி. விறைத்த கண்ணி ஒன்றிருந்தாலும் பல்லில் ஏறாமல் துள்ளும்.

குறிபார்க்கும் கூடக் குழு
வன்னி