ஊருக்கு ஸ்மோக்கர் அனுப்ப நினைக்கும் உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோ, லண்டன், பரிஸ், மெல்பேர்ண் என்று எங்கும் பரந்திருக்கும் அண்ணைமாருக்கும் அக்காமாருக்கும் அத்தான்மாருக்கும்,

வணக்கம். இந்த வருசமும் ஓகஸ்ட்டில் யாழ்ப்பாணம் வரப்போகிறீர்கள். வளவுக்குள் பாபிகியூ போட ஒரு பெல்லற் ஸ்மோக்கரை (சின்ன மரக்குச்சிகளை எரித்து, அந்தச் சூட்டிலும் புகையிலும் இறைச்சி வேகவைக்கும் கரண்ட் பெட்டி) கப்பலில் அனுப்பலாமா என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் விளக்கி வாய் உளைகிறது. அதுதான் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

உனக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுக் கோடிக்குள் ஒன்று நிற்கிறது. கனடாவிலிருந்து அத்தான் ஆசையாக அனுப்பியது. வைஃபை இருக்கிறது, படுத்துக்கொண்டே போனில் சூட்டைக் கூட்டிக் குறைக்கலாம் என்று ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வந்த அன்று பின்னேரம் பெட்டியைப் பிரித்து, பிளக்கை மாற்றிச் செருகினோம். 'டப்' என்றொரு சத்தம், கொஞ்சம் கருகல் மணம். அவ்வளவுதான். அது 120 வோல்ட்டுக்குச் செய்த சாமான். எங்கள் சுவரில் வருவது 230.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது வோல்ட்டை. ரான்ஸ்போமர் போட்டால் சரிதானே என்பீர்கள். வோல்ட் இறங்கும், ஆனால் கரண்டின் அலைவு கனடாவில் செக்கனுக்கு 60 தரம் (60 ஹேட்ஸ்), இங்கே 50 தான். ஏசி மோட்டர் என்றால் கனடாவில் ஓடிய வேகத்தில் இங்கே ஓடாது. லண்டனிலும் பரிசிலும் மெல்பேர்ணிலும் விற்பது 230 வோல்ட் வகை. வாங்கும் வேலையை அங்கே இருப்பவர்களிடம் விடுங்கள். கனடாக்காரர் காசைப் போடட்டும்!

பெட்டியின் வேலை அப்படியொன்றும் மாயமில்லை. ஒரு பக்கத்தில் பெல்லற் கொட்டும் தொட்டி. அதன் அடியில் ஒரு நீளத் திருகு மெல்லச் சுற்றி, மரத்தூளை அமுக்கிச் செய்த சின்னக் குச்சிகளை நெருப்புக் கிண்ணத்துக்குள் தள்ளும். ஒரு கம்பி சூடேறிப் பற்றவைக்கும், விசிறி ஊதும். உள்ளே எவ்வளவு சூடு என்று பார்த்துத் திருகை ஓடவிடவும் நிறுத்தவும் ஒரு எலெக்ட்ரோனிக் போர்ட். அம்மா அடுப்படியில் குந்தியிருந்து விறகை உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் செய்த அதே வேலை. 1980களின் நடுவில் அமெரிக்காவின் ஓரிகனில் ஜோ ட்ரேகர் என்பவர் இதைச் செய்து, 1986இல் காப்புரிமையும் எடுத்தார். காப்புரிமைக் காலம் முடிந்ததும் ஆளுக்காள் செய்யத் தொடங்கினார்கள். அதனால்தான் இன்று சந்தையில் இரும்பும் இருக்கிறது, தகரமும் இருக்கிறது.

கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள். 'ஸ்ரெயின்லெஸ்' என்று எழுதியிருக்கும் இடத்தில் எல்லாம் வைத்துப் பாருங்கள். இறுகப் பிடித்தால் பெரும்பாலும் 430 வகை. எங்கள் கடற்காற்றுக்கு அதில் கெதியாகப் புள்ளி விழும். பிடிக்காவிட்டால் 304 ஆக இருக்கலாம், அதைத் தேடுங்கள். நெருப்புக் கிண்ணமாவது நல்ல ஸ்ரெயின்லெசாக இருக்கட்டும். ஆணிகளையும் விடாதீர்கள். எங்களுடையதில் முதலில் துருப்பிடித்தது உடம்பல்ல, மூடியைப் பிடிக்கிற நாலு ஆணி.

அப்புறம் மூடியைத் தூக்கிப் பாருங்கள். கையில் பாரம் தெரிய வேண்டும். இரண்டு மில்லிமீற்றர்த் தகடு என்றால் சந்தோசம்; ஒன்றுக்குக் கிட்ட நின்றால் பிஸ்கற் ரின் தான். ஒரு தாளை இடையில் வைத்து மூடி இழுங்கள். சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த வழியால் காற்றும் போகும். அங்கே உங்களுக்குக் குளிர்தான் பிரச்சினை. நீங்கள் வருகிற மாதத்தில் இங்கே அடிப்பது சோளகம், தென்மேற்குக் காற்று. மூடி சரியாக இருக்காவிட்டால் 110 பாகையில் நிற்க வேண்டிய சூடு ஊஞ்சலாடும், பெல்லற்றும் வீணாக எரியும்.

வைஃபையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்கிறீர்களா? சொல்ல ஒன்றுமில்லை.

ஆறு மாதம் கழித்து, லண்டனிலிருந்து வந்த ஒருவர் 230 வோல்ட் போர்ட், மோட்டர், பற்றவைக்கும் கம்பி எல்லாம் கொண்டுவர, எங்கள் பெட்டிக்கு உயிர் வந்தது. உதிரிப்பாகம் தனியாகக் கிடைக்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள் என்று சொல்வது இதனால்தான். அந்த முறை பங்கு ஆட்டுச் சந்து ஐந்தரை மணித்தியாலம் உள்ளே கிடந்தது. கரண்டியால் தொட எலும்பு கழன்றது. புகை மணம் மட்டும் மெல்லிசு, பெல்லற் அவ்வளவு சுத்தமாக எரியும். பொச்சுமட்டைப் புகைக்குப் பழகிய எங்கள் மாமா, 'ஆஸ்பத்திரி இறைச்சி' என்றார். இரண்டாம் கோப்பையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பிறகு கார்த்திகை மழை. தொட்டிக்குள் மிச்சம் கிடந்த பெல்லற்றை நாங்கள் மறந்துபோனோம். அதில் பசை ஒன்றும் கிடையாது, அமுக்கத்தில் மரத்தின் லிக்னின்தான் பிடித்து வைத்திருக்கிறது. ஈரம் பட்டதும் விட்டுவிட்டது. திறந்து பார்க்கும்போது புட்டுக்குக் குழைத்த மா மாதிரி இருந்தது, காய்ந்த பிறகு சீமெந்து. இரண்டு பேர் ஒரு நாள் முழுக்கத் திருகைத் திருப்புளியால் கிண்டினோம். தொட்டியின் அடியில் பெல்லற்றைக் கொட்டிவிட ஒரு கதவு இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையதில் இல்லை.

கரண்ட் கதை உங்களுக்குத் தெரியும். 2022 போல 13 மணித்தியாலம் இப்போது போவதில்லை, ஆனாலும் போகும். போனால் விசிறியும் திருகும் நின்றுவிடும், கிண்ணத்தில் பெல்லற் புகைந்துகொண்டு கிடக்கும். வந்த கையோடு சுவிட்சைப் போடாதீர்கள். வெள்ளைப் புகை குமைந்து ஒரேயடியாகப் பற்றினால் மூடியே எழும்பும். ஆறவிட்டு, கிண்ணத்தைத் துடைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். பற்றவைக்கிற அந்தச் சில நிமிடம்தான் 200, 300 வாட்ஸ் இழுக்கும். பிறகு ஒரு பல்ப் அளவுதான். சின்ன இன்வேட்டர் ஒன்று இருந்தால் போதும்.

பெல்லற் இங்கே பெட்டிக்கடையில் தொங்குகிற சாமான் இல்லை. ஒரு 9 கிலோப் பை இரண்டு தடவைக்கு, மிஞ்சினால் மூன்று தடவைக்குத்தான் காணும். ஆகவே ஸ்மோக்கரோடு அதே கப்பலில் பெல்லற்றும் வர வேண்டும், சமையலுக்கென்று விற்பதாகப் பார்த்து. வீட்டைச் சூடாக்க விற்கும் பெல்லற் வேண்டாம்.

கடைசியாக, நாள். நல்லூர்க் கந்தசாமி கோயில் கொடியேறினால் 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சம் (மீன், இறைச்சி) ஏறாது, பக்கத்து வீட்டிலும் அப்படித்தான். ரிக்கற் போடுமுன், அந்த 25 நாளும் முடிந்து வரும் பூங்காவனத் திருவிழாவின் திகதியைக் கேளுங்கள். அதற்கடுத்த ஞாயிறுக்கு ஆடு நான் பார்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
கோடிக்குள் ஸ்மோக்கர் வைத்திருக்கும் உங்கள் தம்பி
யாழ்ப்பாணம்